தஞ்சாவூருக்குப் போன ஓட்ஸ்

நேத்து ஓட்ஸ் வாங்கப் போனேன்.

இதுல என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். நான் பரோட்டாக் கடை வச்சிருக்கிறவன். அதுதான் இருக்கு.

திருக்கோகர்ணத்துல டவுன் பஸ் நிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சாயங்காலமானா கல்லுல டங்கு டங்குன்னு கொத்துற சத்தம் கேக்குமே, அந்தக் கடைதான். பரோட்டாவும் முட்டை மாசும் நம்ம கடை விசேசம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிர்றேன், முட்டை மாசுங்கிறது அவிச்ச முட்டையை வெட்டிப் போட்டு, மசாலாவும் சால்னாவும் ஊத்திக் கல்லுலயே பெரட்டிக் குடுக்குறது. அதைத் தின்னுட்டு ஒரு டாக்டர் முன்னாடி போயி ஒக்காரக் கூடாது.

நான் போன வாரம் ஒக்காந்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடியும் பாத்தாரு.

"என்ன தொழில் பண்றீங்க?"

"பரோட்டாக் கடை டாக்டர்."

"தினமும் சாப்புடுவீங்களா?"

"சாப்புடுறதில்ல டாக்டர். டேஸ்ட்டு பாப்பேன்."

"எத்தனை டேஸ்ட்டு பாப்பீங்க?"

நான் மேல சுத்துன ஃபேனைப் பாத்தேன்.

"சுகர் வந்துருச்சு. இனிமே மைதாவை விட்டுருங்க"ன்னாரு.

"நான் மைதாவை விட்டா மைதா என் குடும்பத்தை விட்டுரும் டாக்டர்."

"விக்கிறதை விடச் சொல்லல. திங்கிறதை விடுங்க."

வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டி செல்விக்கிட்ட சொன்னேன். அவ ஒரு வாரமா போன்ல வீடியோவாப் பாத்துத் தள்ளுனா. நேத்துக் காலைல தீர்ப்பு சொல்லிட்டா.

"ஓட்ஸு, பிரவுன் பிரட்டு, ஆப்பிளு. மூணே மூணு. இதைக்கூட மறந்துட்டு வந்து நிக்காதீங்க."

நம்ம தெரு மளிகைக் கடையிலயே ஓட்ஸ் இருக்கு. ஆனா அங்க வாங்க முடியுமா? பரோட்டாக் கடைக்காரன் ஓட்ஸ் வாங்குறான்னு தெரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? "ஏப்பா, அவனே திங்க மாட்டேங்கிறான், நமக்குப் போடுறான்"னு சொல்லும். அதுலயும் நேத்து நாள் சரியில்லாத நாளு. திருமயம் பக்கத்துல இருந்து வெள்ளைச்சாமி அண்ணன் சாயங்காலம் வர்றதாச் சொல்லியிருந்தாரு. பேரனுக்குக் காது குத்து. ஊரே வந்து சாப்புடப் போற விருந்து, பரோட்டாவும் முட்டை மாசும் நம்ம கடைதான்னு வெத்தலைபாக்கு குடுத்துச் சொல்லிட்டுப் போக வர்றாரு. அந்த விருந்துல நாம பேரு வாங்கிட்டா அந்தப் பக்கத்து விசேசமெல்லாம் நம்ம கையிக்கு வந்துரும். அவரு மனசு மாறிட்டா, ஆலங்குடிக்காரன் ஒருத்தன் கல்லைக் கழுவி வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கான்.

அதனால டவுனுக்குள்ள இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவோம், அங்க நம்மள யாருக்குத் தெரியப் போகுதுன்னு கெளம்புனேன். கூடுதல் பாதுகாப்புக்கு ஹெல்மெட் வேற போட்டுக்கிட்டேன்.

அதுதான் மொதத் தப்பு. நம்ம ஊர்ல ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

வண்டிய விட்டுட்டு ஹெல்மெட்டோடயே கடைக்குள்ள போனேன். வாசல்ல நின்ன செக்யூரிட்டி தடுத்துட்டாரு.

"சார், ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் போங்க."

"தலை வலிக்குதுங்க."

"தலைவலிக்கு யாரு சார் ஹெல்மெட்டு போடுவா?" அப்புடியே குனிஞ்சு கண்ணாடி வழியா உள்ள பாத்தாரு. "அண்ணே, நம்ம பரோட்டாக் கடை அண்ணன்தானே? குரலைக் கேட்டதுமே நெனச்சேன். நேத்து சால்னா கொஞ்சம் தண்ணியா இருந்துச்சுண்ணே."

ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன். தப்புக்கு ஒரு சாட்சி மாதிரி அது கடைசி வரைக்கும் என் கூடவே வந்துச்சு.

உள்ள போனா, ஆரோக்கியத்துக்குன்னே ஒரு வரிசை. பூராப் பச்சை அட்டை. எலை போட்டிருக்கு, கதிர் போட்டிருக்கு, ஒரு பொம்பளை ஓடுற மாதிரி படம் போட்டிருக்கு. பாத்தாலே ரெண்டு கிலோ எளைச்ச மாதிரி இருந்துச்சு.

கேவுரு பிஸ்கட்டு, அதான் கேழ்வரகு பிஸ்கட்டு, ஒண்ணை எடுத்தேன். முன்னாடி கேவுரு கதிர் வெளைஞ்சு நிக்கிது. பின்னாடி திருப்பி, பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்தேன். எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது. ஆனா ஒரு மூணு வார்த்தை மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். ரிஃபைண்டு வீட் ஃப்ளோர். எங்க கடைக்கு வர்ற மைதா மூட்டை மேல அதுதான் எழுதியிருக்கும். மத்தியானம் நான் தலைவச்சுத் தூங்குறதே அந்த மூட்டை மேலதான்.

பிஸ்கட்டுல மொத வார்த்தையே அதுதான். கேவுரு கடைசில, உப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

சரி, வரகரிசி நூடுல்சைப் பாப்போம்னு எடுத்தேன். அதுலயும் நம்ம மூட்டை. ஏழு தானியம் போட்ட ரஸ்க்கு ஒண்ணு, அதுலயும் நம்ம மூட்டை. ஏழு தானியமும் வாசப்படியில நிக்க, மைதாதான் வீட்டுக்குள்ள கால நீட்டிப் படுத்திருக்கு. வருசக்கணக்கா நம்ம தொழிலைக் கேவலமா நெனச்சிருந்தேனே, ஊர்ல எல்லாரும் இதைத்தான் விக்கிறாங்கன்னு ஒரு பக்கம் சந்தோசமா இருந்துச்சு. இன்னொரு பக்கம், அப்ப நான் எதைத்தான் திங்கிறதுன்னு கவலை வந்துருச்சு.

கொழுப்பு இல்லைன்னு எழுதியிருந்ததுல சீனி இருந்துச்சு. சீனி இல்லைன்னு எழுதியிருந்ததுல கொழுப்பு இருந்துச்சு. ரெண்டுமே இல்லாதது ஒண்ணு இருந்துச்சு. பாத்தா அது தண்ணி பாட்டிலு.

செல்விக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, இந்தப் பிரவுன் பிரட்டுலயும் மைதாதான் போட்டிருக்கு."

"பிரவுனா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறமென்ன, எடுங்க."

"கலர் கலந்திருக்காங்கம்மா. மைதாவுக்குச் சந்தனம் பூசி விட்ட மாதிரி இருக்கு."

"ஏங்க, ஒங்களை ரொட்டி வாங்கச் சொன்னேனா, ரொட்டிக்கு வக்கீலாப் போகச் சொன்னேனா? எடுத்துக்கிட்டு வாங்க."

எடுத்துக்கிட்டேன். ஓட்ஸ் பாக்கெட்டுல ஓட்ஸ் மட்டும்தான் இருந்துச்சு, அதைக் கும்புட்டு எடுத்தேன். ஆப்பிளை எடுத்துக் கூடையில போட்டுட்டு நிமிர்றேன்.

"தம்பி, நீங்க எங்க இங்கிட்டு?"

திரும்பிப் பாத்தா பாக்கியம் அக்கா. வேற யாரும் இல்ல, வெள்ளைச்சாமி அண்ணன் சம்சாரம். சாயங்காலம் வெத்தலைபாக்கோட வரப்போறாரே, அவரோட வீட்டம்மா. விசேசத்துக்குச் சாமான் வாங்க வந்திருக்காங்க.

ஹெல்மெட்டை வச்சுக் கூடையை மறைச்சேன். பத்தல. அக்கா எட்டிப் பாத்தாங்க. ரொட்டி. ஆப்பிள். ஓட்ஸ். அவங்க மொகம் அப்புடியே வாடிப் போச்சு.

"யாருக்குத் தம்பி முடியல?"

நம்ம ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியும். ரொட்டி வாங்குறதுன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வீட்டுல காய்ச்சல். இல்லாட்டி, காய்ச்சல்காரரைப் பாக்கப் போறோம். கூட ஆப்பிளும் இருந்துச்சுன்னா ஆஸ்பத்திரில பெட்டு போட்டாச்சுன்னு அர்த்தம். நல்லா இருக்கிறவன் இதெல்லாம் வாங்கித் திம்பான்னு நம்ம ஆளுக கனவுல கூட நெனைக்க மாட்டாங்க.

எனக்கு சுகர்க்கான்னு சொல்லியிருந்தா விசயம் அங்கயே முடிஞ்சிருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ஆலங்குடிக்காரன் கல்லு கண்ணு முன்னாடி வந்துருச்சு.

"நமக்கு வேண்டியவர் ஒருத்தர்க்கா."

"யாரு?"

"மாஸ்டர்க்கா."

ஏன் அந்தப் பேரைச் சொன்னேன்னு சத்தியமாத் தெரியல. ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்குச் சொந்தமா ஒரு சின்ன மாமனார் இருக்காரு. அவரைச் சொல்லியிருக்கலாம். செல்லத்துரை மாஸ்டரைச் சொன்னேன். எங்க கடையில பரோட்டா வீசுறது அவருதான். வெள்ளைச்சாமி அண்ணன் ஆர்டர் குடுக்குறதே அந்தக் கையை நம்பித்தான்.

"அடியாத்தீ. மாஸ்டருக்கு என்ன?"

"வயித்துல..."

சொன்னதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. சாப்பாட்டுக் கடை மாஸ்டருக்கு வயிறு சரியில்லைன்னு கடைக்காரனே சொல்றேனே. டக்குன்னு மாத்துனேன்.

"வயித்துல இல்லக்கா. நெஞ்சுல."

"நெஞ்சுலயா? எந்த ஆஸ்பத்திரில வச்சிருக்கு? வாங்க, ரெண்டு பேருமாப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். அந்தக் கையால எத்தனை தடவை தின்னுருக்கோம்." சொல்லிக்கிட்டே சாத்துக்குடியைப் பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இவங்களைக் கூட்டிக்கிட்டு எந்த வார்டுல போயி யாரைக் காட்டுறது?

"இங்கிட்டு இல்லக்கா. தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க."

இது ரெண்டாவது பெரிய தப்பு. வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. தஞ்சாவூருங்கிறது மத்தவங்களுக்கு ஊரு, நமக்கு அது ஒரு கண்டம். நம்ம ஊர்லயே பெரியாஸ்பத்திரி வந்து, மேல மேல மாடி கட்டியாச்சு. ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் மாறல. ஒருத்தரைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி எழுதிட்டாங்கன்னா, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி விட்டுருங்கன்னு அர்த்தம்.

அக்கா பக்கத்துல இருந்த அரிசி மூட்டை மேல ஒக்காந்துட்டாங்க. ஒக்காந்த எடத்துல இருந்தே கேட்டாங்க.

"அப்ப நம்ம விருந்துக்கு யாரு தம்பி பரோட்டா போடுறது?"

"நான் இருக்கேன்லக்கா. நானே போடுறேன்."

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"நீங்க போட்டதை ஒரு தடவை தின்னுருக்கேன் தம்பி."

அதுக்கு மேல அவங்க சொல்ல வேண்டியதில்ல. நான் போடுற பரோட்டா வட்டமாவும் வராது, சதுரமாவும் வராது. தமிழ்நாட்டு மேப்பு மாதிரி வரும்.

"சரி, அதை அப்புறம் பாப்போம். மொதல்ல மனுசன் பொழைச்சு வரட்டும்"னு எந்திரிச்சாங்க. "எங்க குமரேசன் சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்கான்ல, தஞ்சாவூர்ல படிக்கிற மகளைக் கூட்டியாரக் கார்ல போறான். இப்பத்தான் கெளம்புறான். குடுங்க பையை. பஸ்சுல கொண்டு போனா ஆப்பிளெல்லாம் அடிபட்டுப் போகும்."

"இல்லக்கா, நானே நேர்ல..."

"நீங்க கடையைப் பாருங்க தம்பி. மாஸ்டர் வேற இல்ல."

பில்லு போட்டு முடிச்ச கையோட பையை வாங்கிட்டாங்க. அவங்க எடுத்த சாத்துக்குடியையும் அதுலயே போட்டாங்க. வாசல்ல குமரேசன் கார் நின்னுச்சு. அக்காவோட தம்பி. மாஸ்டரை அவரு பாத்ததே இல்ல. "பேரு செல்லத்துரை, நெஞ்சு வலி. கேட்டா வார்டைச் சொல்லுவாங்க"ன்னு அக்கா சொல்லி அனுப்புனாங்க. என் ஓட்ஸ் முன் சீட்டுல ஒக்காந்து தஞ்சாவூருக்குப் போயிருச்சு.

நான் ஹெல்மெட்டோட நின்னேன். செக்யூரிட்டி பக்கத்துல வந்து, "தலைவலி விட்டுருச்சாண்ணே?"ன்னாரு.

வீட்டுக்குப் போனேன். செல்வி என் கையைப் பாத்தா.

"ஓட்ஸு எங்க?"

"தஞ்சாவூருக்குப் போயிருக்கு."

"எதுக்கு?"

"மாஸ்டருக்கு."

"மாஸ்டருக்கு என்ன?"

"நெஞ்சு வலி."

"ஐயையோ, எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான். நான்தான் வர வச்சேன்."

முழுசாக் கேட்டா. தலையில அடிச்சுக்கிட்டா. "ஒரு ரொட்டியை மறைக்க ஒரு ஆளைக் கொல்லப் பாத்துட்டு வந்திருக்கீங்க. மொதல்ல மாஸ்டருக்குப் போனைப் போட்டுச் சொல்லுங்க. வெள்ளைச்சாமி அண்ணன் வர்றப்ப அவரு பாட்டுக்கு எதையாவது சொல்லித் தொலைக்கப் போறாரு."

போட்டேன். சுவிட்ச் ஆஃப். மாஸ்டர் போன் எப்பவுமே அப்புடித்தான். அவருக்கு யாருகிட்டயாவது பேசணும்னாத்தான் ஆன் பண்ணுவாரு. கந்தர்வக்கோட்டையில இருந்து தினமும் பஸ்சுல வந்து போறவரு. தஞ்சாவூர் ரோட்டுலதான் வரணும். அவரு ஏறி வந்த பஸ்சும், அவரைப் பாக்கப் போன காரும் வழியில எங்கயோ ஒண்ணை ஒண்ணு தாண்டித்தான் போயிருக்கும்.

சரி, பஸ்ச விட்டு எறங்குனதும் ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போயிச் சொல்லிருவோம்னு சீக்கிரமே கடைக்குக் கெளம்புனேன்.

கடை வாசல்ல கூட்டம்.

பூக்கடைக்காரரு, சைக்கிள் கடைக்காரரு, ஸ்டாண்டுல இருக்கிற ஆட்டோக்காரங்க, எல்லாரும் கையில பையோட பெஞ்சுல ஒக்காந்திருக்காங்க. ரொட்டி, பன்னு, ஆப்பிள், எளநி. எங்க முக்கு பேக்கரில ரொட்டியே தீந்து போச்சாம். செய்தி எப்புடிப் போச்சுன்னு எனக்குத் தெரியல. சூப்பர் மார்க்கெட் செக்யூரிட்டி மேலதான் சந்தேகம்.

"தஞ்சாவூருக்கு எப்பப் போறீங்க? இதைக் குடுத்துருங்க"ன்னு ஆளாளுக்கு நீட்டுறாங்க. ஒரு ஆட்டோக்காரரு மட்டும் என்னை ஓரமாக் கூப்புட்டாரு.

"அண்ணே, வேனுக்குச் சொல்லி வச்சிரவா?"

"எதுக்குங்க வேனு?"

"இல்லண்ணே, ஒரு இதுக்கு."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பஸ் வந்துருச்சு. மாஸ்டர் எறங்குனாரு. தோள்ல துண்டு, கையில மஞ்சப்பை, வாயில வெத்தலை. பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

ஆட்டோக்காரருதான் கேட்டாரு. "மாஸ்டர்... வந்துட்டீங்களா?"

"தினமும்தானய்யா வாரேன்." மாஸ்டர் அதிகம் பேச மாட்டாரு. ஆனா சுருக்குன்னு கோவம் வந்துரும். கூட்டத்தைப் பாத்தாரு. ரொட்டியைப் பாத்தாரு. ஆப்பிளைப் பாத்தாரு. மொகம் வாடிருச்சு.

"யாருக்கு முடியல?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அவரைக் கையப் புடிச்சு அடுப்படிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயி விசயத்தைச் சொன்னேன். வெத்தலையைத் துப்பிட்டு நிதானமாக் கேட்டாரு.

"எனக்கு நெஞ்சு வலி."

"ஆமா மாஸ்டர்."

"தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க."

"ஆமா."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

துண்டை எடுத்து இடுப்புல கட்டப் போனவரு, மறுபடியும் தோள்லயே போட்டுக்கிட்டாரு.

"அப்ப நான் மாவு பெசையக் கூடாது. நெஞ்சு வலிக்காரன் கையை வீசுனா ஆபத்து."

"மாஸ்டர், வெள்ளைச்சாமி அண்ணன் இப்ப வந்துருவாரு. நம்ம ஆர்டரு..."

"தஞ்சாவூருக்கு எழுதுன ஆளுக்கு என்னய்யா ஆர்டரு?" வெளிய போயி பெஞ்சுல நடுவுல ஒக்காந்தாரு. எல்லாரும் வெலகி எடம் விட்டாங்க. ஒரு எளநியை வெட்டச் சொல்லிக் குடிச்சாரு. என்ன பண்ணியும் எந்திரிக்கல. கால்ல விழாத கொறைதான்.

நானே மாவைப் பெசைஞ்சேன். வீசுனேன். மொதப் பரோட்டா கன்னியாகுமரி பக்கம் கிழிஞ்சு போச்சு. அப்பப் பாத்து வெள்ளைச்சாமி அண்ணன் வண்டியில வந்து எறங்குனாரு. கையில தட்டு, தட்டுல வெத்தலைபாக்கு. பெஞ்சைப் பாத்தாரு.

"என்ன மாஸ்டர், தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்கன்னு என் சம்சாரம் வந்து ஒரே அழுகை. நீங்க இங்க ஒக்காந்து எளநி குடிக்கிறீங்க?"

"அதை மொதலாளிக்கிட்ட கேளுங்க. என் ஒடம்பைப் பத்தி என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

அண்ணன் என் பக்கம் திரும்புனாரு. கல்லுல கெடந்த தமிழ்நாட்டையும் பாத்தாரு.

"தம்பி, வெத்தலைபாக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். உண்மையச் சொல்லு."

இனிமே என்ன சொன்னாலும் ஆர்டர் போச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இந்தக் கடையை வச்சுத்தான் வீடு, இந்தக் கடையை வச்சுத்தான் எல்லாமே. கூடியிருந்த சனம் பூரா என் வாயைப் பாக்குது.

"எனக்கு சுகர்ண்ணே. ஓட்ஸு, ரொட்டி எல்லாம் எனக்குத்தான் வாங்குனேன். பரோட்டாக் கடைக்காரன் ஓட்ஸ் திங்கிறான்னு தெரிஞ்சா நீங்க ஆர்டர் குடுக்க மாட்டீங்கன்னு பயந்து, மாஸ்டர் பேரைச் சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்காரு. நான்தான் முட்டாப்பய."

எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு நெனச்சேன்.

ஆட்டோக்காரரு மொதல்ல வாயத் தொறந்தாரு.

"வெறும் வயித்துல எவ்வளவுண்ணே?"

பூக்கடைக்காரரு, "வெறும் வயித்தை விடுங்க, சாப்புட்டு எவ்வளவு? அதுதான் கணக்கு"ன்னாரு.

சைக்கிள் கடைக்காரரு, "எனக்குக் காலைல ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ஒங்களுக்கு?"ன்னு கேட்டாரு. ஒருத்தர் ஆவாரம்பூவைக் கொதிக்க வச்சுக் குடிங்கங்கிறாரு. ஒருத்தர் வெந்தயத்தை ஊற வைங்கங்கிறாரு. கொய்யா எலைதான் கைகண்ட மருந்துங்கிறாரு இன்னொருத்தர். நான் மறைக்கிறதுக்கு ஒரு ஆளைத் தஞ்சாவூர் வரைக்கும் அனுப்புன வியாதி, அங்க நின்ன முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. அத்தனை பேரும் நம்ம கடையில தெனம் திங்கிறவங்க. மருந்து சொன்ன கையோட, "சரி, பரோட்டா எப்பத்தான் வரும்?"னும் கேட்டாங்க.

வெள்ளைச்சாமி அண்ணன் சிரிச்சுட்டாரு. "அட கிறுக்கா, இதுக்கா இவ்வளவு கூத்து? என் சுகருக்குக் கல்யாண வயசே ஆயிருச்சு."

எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. "அப்ப ஆர்டரு, அண்ணே?"

"குடுக்குறேன். ஆனா ஒண்ணு. எங்க வீட்டு வழக்கம், விருந்துக்குச் சமைக்கிறவன் மொதல்ல அவன் வாயில வைக்கணும். நீ திங்காததை என் வீட்டு விருந்தாளி திங்க மாட்டான். மாஸ்டர் போடட்டும், நீ தின்னு, நான் பாக்குறேன். அப்புறம்தான் இந்த வெத்தலைபாக்கு."

இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு நெஞ்சு வலி போயிருச்சு. துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கல்லு முன்னாடி வந்து நின்னாரு.

"முட்டை மாசு வச்சே குடுத்துரவா மொதலாளி?"

அந்த ஆளு என்னைக்கும் அப்புடி ஒரு பரோட்டா போட்டதில்ல. அவ்வளவு மெல்லிசா வீசி, மடிச்சு, சுத்தி, எண்ணெயைக் கோவத்தோட ஊத்திச் சுட்டாரு. எலையில போட்டு ரெண்டு கையாலயும் தட்டுனாரு. பிச்சு வாயில வச்சேன். ஒரு வாரமா நாக்கு பாக்காத ருசி. கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒண்ணோட எந்திரிக்கப் பாத்தேன், ஒத்தையா வச்சா விசேசத்துக்கு ஆகாதுன்னு மாஸ்டர் ரெண்டாவதையும் போட்டாரு. ரெண்டுக்கு சால்னா பத்தலன்னு ஊத்துனாரு, சால்னா மிஞ்சிருச்சுன்னு மூணாவதைப் போட்டாரு.

வாய் நெறைய முட்டை மாசோட நிமிர்றேன். எதுக்க செல்வி நிக்கிறா. கல்லாவுல ஒக்கார வந்திருக்கா.

அவ கத்தல. எலையைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"டேஸ்ட்டு பாக்குறீங்களா?"ன்னா.

அந்த நேரத்துல வெள்ளைச்சாமி அண்ணன் போன் அடிச்சுச்சு. குமரேசன். அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டாரு.

"அத்தான், ஆஸ்பத்திரில செல்லத்துரைன்னு ரெண்டு பேரு இருந்தாங்க. நெஞ்சு வலி செல்லத்துரையைத் தேடிக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டேன். பரோட்டா புடிக்குமான்னு கேட்டேன். ரொம்பப் புடிக்கும்னாரு, அப்ப இவருதான்னு முடிவு பண்ணிட்டேன். ஓட்ஸைப் பாத்ததும் மனுசன் கலங்கிட்டாரு. கட்டுன பொண்டாட்டி கூட எனக்கு இப்புடி வாங்கியாரல, அந்த மொதலாளி நல்லா இருக்கணும்னு கையெடுத்துக் கும்புட்டாரு."

எங்க செல்லத்துரை கல்லுல அடுத்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "ரொம்ப நல்ல மொதலாளி"ன்னாரு.

வெத்தலைபாக்கு கையில வந்துருச்சு. ஆர்டர் உறுதி. அண்ணன் போறப்ப, "சுகர்காரங்களுக்குன்னு தனியாக் கொஞ்சம் கோதுமைப் பரோட்டாவும் போட்டுரு தம்பி. யாரும் திங்க மாட்டாங்க, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனாரு. பெஞ்சுல இருந்த ரொட்டி, பன்னு, ஆப்பிள் எல்லாத்தையும் மாஸ்டர் மஞ்சப்பையில கட்டிக்கிட்டாரு. எனக்காக வந்ததுதானேன்னாரு. நியாயம்தான். ஒரு ஆப்பிளைக் கேட்டுப் பாத்தேன். நெஞ்சு வலிக்காரன்கிட்ட புடுங்கித் திங்கிறீங்களேன்னு கேட்டாரு.

செல்வி இன்னும் என்கிட்ட பேசல.

தஞ்சாவூர்ல இதைப் படிக்கிறவங்க யாராவது அந்த நெஞ்சு வலி செல்லத்துரையைப் பாத்தா ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. ஓட்ஸைத் தண்ணியிலதான் காச்சணும், சீனி போடக் கூடாது, எனக்கு டாக்டர் அப்புடித்தான் சொல்லியிருக்காரு.